திங்கள் இடம், வியாழன் வலம்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரும் பெட்டி.
பில்லில் இன்னும் அப்பா வைத்த பெயர்.

குளித்து, ஈரம் ஒற்றி,
பவுடர் படாத அடிவயிற்றில்
பத்து விநாடி உள்ளங்கையால் அழுத்துவேன்.
திங்கள் இடம். வியாழன் வலம்.
பாவாடை நாடா உரசாத இடமாய்.

சுன்னாகத்து வெயில், தையல் மெசினடி,
மூலை ஒன்று கிளம்பும்.
அளவு கொடுக்க வந்தவ பார்க்காமல்
திரும்ப அழுத்துவேன்.

ஒருக்கால் பொறுமை கெட்டு இரண்டு ஒட்டினேன்.
தலையிடி, ஓங்காளம்.
டொக்டர் யசோதினி ஏசவில்லை:
"ரெண்டு ஒட்டினா கெதியா வராது, தங்கச்சி.
ரத்தம் கட்டிபடத்தான் பார்க்கும்.
கெண்டைக்கால் வீங்கினா உடன வாரும்."

அந்தத் தங்கச்சியை
வீடுவரை சைக்கிளில் ஏற்றிவந்தேன்.

கழற்றியதைப்
பசை உள்ளே போக மடித்து,
அக்காவின் மகன் கைபடாமல் எறிகிறேன்.
தோலில் ஒரு சதுரம்,
ஓரமெல்லாம் ஊத்தை.