ஏழாவது விசை

அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட,
கீழே ரயர்க்கடை, மேலே நாங்கள்.
மூன்று திரை, ஒரு ஸ்ரியறிங்,
எங்கோ நொறுங்கிய வானிலிருந்து கழற்றிய சீற்.
வெயிலுக்காக யன்னலில் கறுப்புத் துணி.

என் வேலை சின்னது.
பழக வருபவர் ஐம்பதைத் தாண்டியதும்
மேல் வரிசையில் ஏழாவது விசையை அமத்துவேன்.
மஞ்சள் சட்டைப் பிள்ளையொன்று
நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து
றோட்டுக்குக் குறுக்கே ஓடும்.

திரையில் இருப்பது எந்த நாட்டு ஊரோ.
மாடு படுத்திருக்காது,
பெட்டி கட்டிய மீன் சைக்கிள் வராது,
மரங்களெல்லாம் ஒரே உயரம்.
பிள்ளை மட்டும் எங்கள் பிள்ளை ஓடுகிற மாதிரித்தான் ஓடும்.

கிண்ணியா இம்தாத் இரண்டு தரம் அடித்தான்.
"கேம் நல்லாத்தான் இருக்கு" என்றான்.
மட்டிக்களி ஜெயரூபன் பிறேக்கென்று நினைத்து
அக்சிலேற்றரை மிதித்தான்;
பிறகு சப்பாத்தைக் குற்றம் சொன்னான்.
மாற்றலாகி வந்த வங்கிக்காரர் ஒருவர்
அந்தப் பிள்ளையின் தாயைத் திட்டினார்.
திரையில் தாய் இல்லை.
யாரும் அவளை வரையவில்லை.

அடித்தால் திரை சிவக்கும்.
வேகம் இவ்வளவு, கால் நகர எடுத்த நேரம் இவ்வளவு,
நிற்கத் தேவைப்பட்ட தூரம் இவ்வளவு.
கரண்ட் பில் வாசிப்பதுபோல் வாசிப்பேன்.
"திரும்ப" என்பார்கள்.
பிள்ளை எழும்பிப் போய் பஸ்ஸுக்கு முன்னால் ஒளியும்.

செவ்வாய்க்கிழமை நிரோஜினி வந்தாள்,
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, சாப்பிடாமல்.
ஐம்பத்திரண்டில் வந்தாள். அமத்தினேன்.
திரை சிவந்தது.
அவள் பெல்ற்றைக் கழற்றினாள்.
கதவே இல்லாத அந்தச் சீற்றில்
கதவைத் திறக்கக் கை போனது.
இறங்கி நடந்து, திரைக்கு முன் குனிந்து
மேசைக்குக் கீழே பார்த்தாள்.

அங்கே வயர்கள்.
நேற்றுக் குடித்த பிளேன்ரீக் கோப்பை.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
கீழே ரயருக்குக் காற்று அடிக்கிற சத்தம்.
இலக்கங்களை நான் வாசிக்கவில்லை.
அவளாகவே வந்து இருந்து, பெல்ற்றைப் போட்டு,
"இன்னொருக்கா விடுங்கோ" என்றாள்.

முப்பதில் வந்தாள்.
பஸ் தெரிந்ததுமே கால் எழும்பிவிட்டது.
என் விரல் விசையின் மேல்தான் இருந்தது.
ஐம்பதைத் தாண்டவில்லை,
ஓடவிட வழியில்லை.
பஸ்ஸைக் கடக்கையில் பக்கத் திரையில்
மஞ்சள் சட்டை
நின்றபடியே நின்றது.

பின்னேரம் கோட்டைப் பக்கத்து வீதியில்
ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன்.
என்ன வேகமென்று சொல்ல மாட்டேன்.
நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து
ஒரு மான்.
புள்ளிமான், வாயில் சொப்பிங் பை.
என் முன்சில்லுக்கும் அதன் விலாவுக்கும் ஒரு சாண்.
பார்த்தது. மென்றது. போனது.

பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
நான் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி
சுற்றியிருந்த மேல்மாடி யன்னல்களில்
எதில் கறுப்புத் துணி என்று
தேடிக்கொண்டு நிற்கிறேன்.