நாற்பதில் ஒன்று இல்லை

பழைய பெட்டி புகைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பெரிய புகையில்லை.
எதிர்க்கடைப் பால் அடிப்பிடித்தது போல ஒரு வாடை.
மதர்போர்டு போச்சு, டிஸ்க் தப்பிச்சிருச்சு,
கவலப்படாதீங்கக்கா என்றார் ஹாஜா மைதீன்.
வியாழன் பத்தரை மணிக்குப்
பதிவு ஆபீஸில் டோக்கன்.
எனக்கு அந்தக் கவலை.

கும்பகோணத்திலிருந்து புதுப் பெட்டி
நன்னிலம் பஸ்ஸில் வந்தது,
டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இரண்டு வாழைத்தாரோடு.
திறந்தோம்.
உள்ளே விரல்நக அகலத்தில் நாலு வாய்.
என் டிஸ்கின் வாயோ சீப்பு மாதிரி,
இரண்டு வரிசை, நாற்பது ஊசி.
எண்ணினால் முப்பத்தொன்பது.
நடுவில் ஒன்று பிறக்கும்போதே இல்லை.
தலைகீழாய்ச் செருகிவிடக் கூடாதென்று
யாரோ யோசித்து விட்ட ஓட்டை.
இருபது வருஷம் அதன் மேல்தான் பத்திரம் எழுதினேன்,
தெரியாது.

கரண்டு முனையும் சேரவில்லை.
மஞ்சள், கறுப்பு, கறுப்பு, சிவப்பு,
அந்த நாலு கம்பிக் கொண்டையை
இப்ப யாரும் கேக்கறதில்ல என்றாராம் கடைக்காரர்.
இரண்டரை இஞ்ச் மோட்டாருக்கு
மூணு இஞ்ச் ஓஸ் வாங்கி வந்தவன்
சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி
அன்றைக்கே தண்ணி பாய்ச்சிவிடுவான்.
இதற்கு எதைச் சுற்ற?

பெஞ்சின் ஒரு முனையில் தெட்சிணாமூர்த்தி.
மறு முனையில் அவர் தம்பி ஞானஸ்கந்தன்.
நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.
பாகப்பிரிவினை.
பொது வாய்க்கால் ஆறடி என்கிறார் மூத்தவர்.
மூணே முக்கால் என்கிறார் இளையவர்.
மூலப்பத்திரத்தில் கரையான் தின்ற மடிப்பு
சரியாக அந்த வரியில்.
நகல் மனு போட்டால் பத்து நாள்.
அவர்கள் அப்பாவுக்குக் கிரயம் அடித்தவள் நான்,
அடித்த பக்கம் அந்த டிஸ்கில்.

புதன் மதியம் மயிலாடுதுறையிலிருந்து
தீப்பெட்டி அளவில் ஒரு பச்சைத் தகடு வாங்கி வந்தார் ஹாஜா.
ஒரு பக்கம் சீப்புக்கு, மறு பக்கம் நகத்துக்கு,
கரண்டுக்குத் தனியாக ஒரு வால்.
செருகினோம். சுற்றியது. சத்தம்கூடக் கேட்டது.
அப்படி ஒருவர் வரவில்லை என்றது புதுப் பெட்டி.

ஜம்பர், என்றார்.
பின்பக்கம் அரிசிமணி அளவில் கறுப்புத் தொப்பி.
இது ஸ்லேவ்ல கெடக்கு, மாஸ்டர்ல வெக்கணும்.
அப்பல்லாம் ஒரே பட்டை வயர்ல ரெண்டு டிஸ்க் தொங்கும்க்கா.
எது பெரியவன், எது சின்னவன்னு நாமதான் சொல்லணும்.
ரெண்டும் பெரியவன்னா ரெண்டும் ஓடாது.

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

இப்ப எப்படி? என்றார் ஞானஸ்கந்தன்.
ஆளுக்கொரு வயர். யாருக்கும் யாரும் கீழ இல்ல.
வயர் செலவு யாருது? என்றார் தெட்சிணாமூர்த்தி.

தொப்பி இடுக்கியிலிருந்து நழுவி விழுந்தது.
நாலு பேரும் தரையில்,
தம்பியின் செல்போன் வெளிச்சத்தில்,
மேசைக்கடியில், செருப்புகளுக்கு நடுவில்.
கிடைக்கவில்லை.
செத்துப்போன சிடி டிரைவிலிருந்து ஒன்றைப் பிடுங்கி மாட்டினார்.
அண்ணனும் தம்பியும் எழுந்து
முழங்கால் தூசி தட்டி
அவரவர் முனைக்குப் போனார்கள்.

வந்தது.
இரண்டாயிரத்து நாலு, ஆவணி, கிரயம்.
திறந்தால் தமிழ் இல்லை.
கொம்பு வைத்த ஏதோ, டாலர் குறி,
தலைகீழ்க் கேள்விக்குறி, மறுபடி டாலர்.
அந்த எழுத்து பழைய பெட்டியோடு புகைந்துவிட்டது.
எண்கள் மட்டும் எண்ணாகவே நின்றன.
சர்வே எண். தொகை.
மூன்றாம் பக்கம் கீழே
குறிகளின் புதருக்குள் 4.5.

அடி, என்றேன். அடியாகத்தான் இருக்கும்.
அதற்கு முன்னால் ஒரு சொல் இருக்கிறது,
படிக்க முடியவில்லை.

கரையோடயா, கரை இல்லாமயா?

இருவரும் ஒரே நேரத்தில்தான் கேட்டார்கள்.