ஏழு மில்லிமீட்டர்

பின்கட்டுக் கதவுதான் முதலில் சொன்னது.
தாழ்ப்பாள் தன் துளையைத் தேடியது.
மழையில் பலகை ஊதியிருக்கும் என்று
கலியமூர்த்தி இழைப்புளியால் ஓரம் சீவிக் கொடுத்தான்.
இரண்டு வாரத்தில் மறுபடி முட்டியது.
கதவு ஊதவில்லை, நிலை சாய்ந்திருக்கிறது என்று
எனக்கு உறைத்தபோது நவம்பர்.

வீட்டுக்கு மேலே,
பால்மரம் அழித்துச் செம்பனை வைத்த சரிவில்
கரண்டிக் காம்பு நுழைகிற அளவுக்கு
ஒரு வெடிப்பு.
அக்கரைக்கு ஒன்று இக்கரைக்கு ஒன்றாக
இரண்டு ஆணி அடித்தேன்.
மகளின் அடிக்கோலால் காலையில் அளந்து
காலண்டரில் குறித்தேன்,
கேஸ் தோம்பு வாங்கிய தேதிக்குப் பக்கத்தில்:
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.

ஆலையின் தராசு மேடையில் எனக்கு வேலை.
லாரி வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
கழித்தால் கிடைப்பது குலை.
மழை நாளில் அதே குலை கூடுதலாகக் காட்டும்.
தண்ணிக்கும் காசா என்று
மேனேஜர் என்னிடம் கத்துவார்.

மலைக்கு மேடை கிடையாது.
எத்தனை லாரி மழை உள்ளே போனதென்று
சீட்டு எழுதித் தர ஆளில்லை.
போகிற எடை மட்டும் தெரியும்:
கால்வாயோரம் கசியும் ஊற்று,
சாலேஹா துணி அலசும் ஊற்று.
அதற்குக் கீழே
மலையின் குதிகாலை அறுத்துத்தான்
ஆ லொக் கார் கழுவும் கடை போட்டிருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஊற்று தேத்தாரே நிறத்தில் வந்தது.
சனி இரவு, கொட்டுகிற மழையில்,
நின்றுவிட்டது.

இத்தனை உள்ளே போகிறது,
ஒன்றும் வெளியே வரவில்லை.
பதினெட்டு வருஷக் கணக்கு
என் வயிற்றில் கழித்துப் பார்த்தது.

பதினாலு கதவு தட்டினேன்.
சாலேஹா ரைஸ் குக்கரோடு இறங்கினாள், வயரும் சோறும் உள்ளேயே.
கொங்சியிலிருந்து ரஃபிக்குலும் ஆறு பேரும்
பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.
மாசிலாமணி மட்டும்
என் பரம்பரையையே திட்டிவிட்டுத்தான் வந்தான்.
புக்கிட் கெலாடி டேவானில்,
பேட்மின்டன் கோடுகளின் மேல்,
விடியும் வரை காது கொடுத்துக் கிடந்தோம்.

விழவில்லை.

காலையில் வெயில்.
நனைந்த பூனையைப் போல மலை உட்கார்ந்திருந்தது.
டவுனில் இப்போது எனக்குப் பெயர்
'மலை நிறுக்கிறவள்'.
ரொட்டிக் கடையில் மாசிலாமணி கேட்கிறான்,
இன்னிக்கு எத்தனை டன்னாம்?
ஜே.கே.ஆர் ஆட்கள் வந்து
சரிவின் மேல் நீலத் தார்ப்பாய் விரித்துப்
படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
எல்லோரும் வீடு திரும்பிவிட்டோம். நானும்தான்.
வேறு எங்கே போவது?

விழாத மலையைப் பற்றி
யாரிடம் என்ன நிரூபிப்பது?
இடிச்சத்தம் கேட்ட பிறகு
ஓடக் கிடைப்பது
செருப்பைத் தேடுகிற நேரம்தான்.
அதற்கு முன்னால் அது பேசுவதெல்லாம்
தாழ்ப்பாளில், சாய்ந்த விளக்குக் கம்பத்தில்,
வற்றிய ஊற்றில்,
அடிக்கோலின் சின்னக் கோடுகளில்.

நேற்று நாற்பத்தெட்டு.

இன்று தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன்.
மேல் ஆணி இருக்கிறது.
கீழ் ஆணியைக் காணோம்.
யாரோ பிடுங்கியிருக்கலாம், மாசிலாமணிகூட.
இல்லை, அது நின்ற மண்ணோடு
போயிருக்கலாம்.

இரும்புக் கடையில் கேட்டேன்,
மூன்று அங்குல ஆணி, அரைக் கிலோ.
ரெண்டு போதாதா என்றார்.

பதினாலு வீடு இருக்கு, நிறுங்க.