இன்னும் வராத தேதி

காசு போட்டால்தான் ஏறும் எங்கள் அலுவலக லிஃப்ட்.
இருபது தெத்ரி. சில்லறை இல்லாத நாளில்
ஒன்பது மாடியும் படிதான், முதுகில் லேப்டாப்போடு.
திபிலிசியில் பாதிக் கட்டடங்கள் இப்படித்தான்;
லிஃப்டைச் செய்தவனை யாரும் போனில் பிடித்துத் திட்டுவதில்லை.
என் எண் மட்டும்
பத்ரியிடம் இருக்கிறது.

பத்ரி, ஈமச்சடங்கு நிறுவன முதலாளி,
காலை ஒன்பதுக்கே அழைத்தார்:
"அந்தச் சாம்பல் நிறம்
இன்னும் கொஞ்சம் துக்கமாக இருக்கலாமே."
நான்கு சாம்பல்கள் அனுப்பினேன்.
முதலில் இருந்ததையே தேர்ந்தெடுத்தார்.
"பார்த்தீர்களா, இப்போதுதான் மனசைத் தொடுகிறது."

அவர் மைத்துனரின் பழைய போனில்
ஜார்ஜிய எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லையாம்.
கொடிபோல் வளையும் முப்பத்து மூன்றும்
வெறும் கட்டங்களாக,
சாத்திய ஜன்னல்களாக வரிசையில் நிற்கின்றனவாம்.
எழுத்துருவை மாற்றினேன், மெனு ஒரு வரி கீழே சரிந்தது.
மெனுவை ஏற்றினேன்,
சவப்பெட்டி விலைப்பட்டியல் எழுந்துபோய்
மலர்வளையங்களின் மேல் உட்கார்ந்தது.
கிணறு வெட்டக்கூட இல்லை,
ஒரு கமாவைத்தான் தொட்டேன். பூதம்.

"என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது" என்றாள்
பக்கத்து மேசை மக்வாலா.
எங்கள் தொழிலில் அதற்கு
உன் பாடு உன்னோடு என்று பொருள்.

ஆறிய ஹச்சாப்புரியை ஒரு கையால் தின்றேன்.
பாலாடைக்கட்டித் துணுக்கு ஒன்று
ஸ்பேஸ் பாருக்கடியில் விழுந்தது.
அதன்பின் நான் எழுதியதெல்லாம்
இடைவெளியில்லாமல்வந்தது.

நான்கு மணிக்கு ஒரு டிக்கெட்.
முக்கியத்துவம்: நடுத்தரம்.
"படிவம் சிலசமயம் ஏற்பதில்லை. பிறகு தானாகவே ஏற்கிறது."
தானாக எதுவும் நடப்பதில்லை என்று
சலித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தேன்.

ருஸ்தாவியிலிருந்து சியாலா என்றொருவர்.
கணவர் பெயர், வயது, தெரு.
இறந்த நேரம்: இரவு ஒன்றேகால்.
இறந்த தேதி: அன்றைய தேதி.
இரண்டு நாற்பதுக்கு அனுப்பியிருக்கிறார்.
சிவப்பில் பதில் போயிருக்கிறது:
'இந்தத் தேதி இன்னும் வரவில்லை.'

அந்த வாசகம் என்னுடையது.
மார்ச் மாதம், கொட்டாவிக்கு நடுவே,
'தவறு' என்று முகத்தில் அடிப்பானேன் என்று
மரியாதையாக எழுதியது.

சர்வர் ஜெர்மனியில் ஏதோ குளிரூட்டிய அறையில் இருக்கிறது.
அதற்குக் கிரீனிச்சின் கடிகாரம்,
எங்களுக்கு நான்கு மணி நேரம் பின்னால்.
அங்கே முந்தின நாள் முடிந்திருக்கவில்லை.
அங்கே அந்த மனிதர்
இரவுச் சாப்பாட்டை முடித்து
மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு நாற்பத்து மூன்றுக்கு மறுபடி. அதே சிவப்பு.
இரண்டு ஐம்பத்தொன்றுக்கு மூன்றாம் முறை.
இந்தத் தடவை கடைசிப் பெட்டியில்,
மலர், வாகனம், பாடகர் குழு பற்றிய
சிறப்புக் கோரிக்கைகளுக்கான பெட்டியில்,
ஒரு வரி:
'அப்படியானால் காத்திருக்கிறேன்.'

பிறகு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல்
பதிவேட்டில் ஒரு சொடுக்குக்கூட இல்லை.
நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு
படிவம் ஏற்றுக்கொண்டது.

திருத்தம் ஒரே வரி.
சோதிக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது,
என் பெயரையே இட்டேன், இன்றைய தேதியோடு.
'உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்' என்றது உடனே,
துக்கமான அந்தச் சாம்பலில்.

"பெரிய பிழையா?" மக்வாலா கேட்டாள்.
"நேர மண்டலம்."
"ஓ" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திருத்தத்தை ஏற்றும் பட்டன் மேல்
சுட்டியை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
அழுத்தத்தான் வேண்டும்; அழுத்தினேன்.
இனி எங்கள் ஊரில்
இறந்த கணமே இறந்ததாகும்.

லிஃப்டில் இறங்கக் காசு கேட்பதில்லை.
ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது பத்ரி:
"அந்தச் சாம்பல் இருக்கிறதே, யோசித்துப் பார்த்தேன்…"
சிக்னல் போய்விட்டது.
போகட்டும் என்று விட்டேன்,
தரைத்தளம் வரும்வரை.