பத்து பைட்

திருக்கடலூர்க் கிணறும்
திருகோணமலைக் கிணறும்
ஒரே கிணறுதான் என்றது நிரல்.
'பெயர் இரட்டிப்பு. வெளியேறுகிறேன்.'
சொன்னபடி வெளியேறியும் விட்டது.

உப்புவெளியில், போட்டோகொப்பிக் கடைக்கு மேலே
எங்கள் சனிக்கிழமை அறை.
வாடகை கிடையாது.
கடைக்காரரின் பிரிண்டர் இருமும்போதெல்லாம்
நிஹாரா இறங்கிப்போய்த் திருத்திக் கொடுப்பாள்.
ஆறு மடிக்கணினி, இரண்டு சார்ஜர்,
கிண்ணியாவிலிருந்து அவள் கொண்டுவரும் மீன் பணிஸ்,
மாதக் கடைசியில் ஒருவரிடமும் மிஞ்சாத டேட்டா.

எங்களுக்கு வேண்டியது
எலிக்காய்ச்சல் கிருமியின் உறவுமரம்.
எந்தக் கிணற்றுக் கிருமி எதற்குச் சித்தப்பன்,
மாரி வெள்ளத்தில் எது எங்கே குடிபெயர்ந்தது.
மரம் வரையும் நிரல் இலவசம்.
யாரும் எடுக்கலாம், யாரும் திறக்கலாம்.
அன்றைக்குத் திறக்கும்வரை
அதை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று
எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

குப்பிகளுக்குப் பெயர் ஒட்டியவன் சுதாஸ்கர்.
ஆங்கிலத்தில் எழுது என்றோம்.
'தண்ணி அள்ளித் தந்த சனம்
தங்கட ஊர்ப் பேரை வாசிக்க வேணாமா?'
திட்டினோம். தமிழிலேயே ஒட்டினான்.

நிரலோ எந்தப் பெயரிலும்
முதல் பத்து பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.
'தி' என்றாலே ஆறு போய்விடும். 'ர'வுக்கு மூன்று.
பத்தாவதில் அகப்பட்டது உகரத்தின் கழுத்து.
'திர',
பிறகு ஒரு கறுப்புச் சாய்சதுரம்,
அதன் வயிற்றில் ஒரு கேள்விக்குறி.
இரண்டு ஊருக்கும் அதேதான்.

பெயரை மாற்ற ஐந்து நிமிடம் போதும்:
கி1, கி2.
நான் மாற்றத் தொடங்கியிருந்தேன்.
நிஹாரா என் கையைத் தட்டிவிட்டாள்.
'நாளைக்கு எதியோப்பியாவில ஒருத்தி
இதே கல்லில தடுக்கி விழுவா.
கல்லையே எடுப்பம்.'

கல்லை எடுக்க மூன்று சனிக்கிழமை.
ஆறு வரிதான் மாற்றினோம்,
நாலு சோதனை சிவப்பாய் விழுந்தது.
அச்சடித்து வைத்த இருநூற்றுப் பதினாலாம் வரியை
கடைவாசலில் ஒரு மான் மென்று தின்றது.
மின்சாரம் போனது. வந்தது. போனது.

நிரலைப் பராமரிப்பவர் ருமேனியாவில், பெயர் ஒவிடியு.
எங்கள் திருத்தத்தை முதலில் மறுத்தார்:
பழைய கோப்புகள் உடையும்.
ஏன் உடையும் என்று அவர் எழுதிய விளக்கம்
எங்கள் திருத்தத்தைவிடப் பத்து மடங்கு நீளம்.
எங்கோ லாகோஸில் ஒருத்தி, கேட்காமலே,
தன்னிடமிருந்த நானூறு பழைய கோப்புகளை
இரவோடிரவாக ஓட்டிப் பார்த்துச் சொன்னாள்:
'மூன்றுதான் உடைகின்றன. எவை என்று இதோ.'
அவள் முகம் எங்களுக்குத் தெரியாது.
பணிஸை எப்படி அனுப்புவது?

ஏற்றுக்கொண்ட அன்று ஒவிடியு எழுதினார்:
என் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து உண்டு,
அதன் அடியில் ஒரு காற்புள்ளி தொங்கும்.
நான் எழுதிய நிரல் தடுமாறுகிறதே என்று
பதினொரு வருடமாய் அந்த வாலை
நானே வெட்டித்தான் எழுதி வந்தேன்.
வெட்டுவதாகக்கூட நினைத்ததில்லை.

சோதனைக் கோப்பில் இப்போது
திருக்கடலூர், திருகோணமலை,
கீழே வாலோடு அவர் ஊர்.
எங்களில் ஒருவருக்கும் அதை உச்சரிக்கத் தெரியவில்லை.
சுதாஸ்கர் மட்டும் ஏதோ சத்தம் போட்டுப் பார்த்தான்.

பிறகு மரம் வந்தது.
மூத்தூர் ஒரு பக்கம். நிலாவெளி எட்டத்தில்.
எங்கள் இரண்டு கிணறும்
ஒரே கொப்பில், ஒட்டி, இரட்டைப்பிள்ளைகளாய்.

மூன்று கிழமை பாடுபட்டுப் பிரித்தோம்,
மரம் சேர்த்து வைத்துவிட்டது.
நிஹாரா சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.
'அப்ப அந்த நிரல் சொன்னது சரிதானே?'
'சரிதான். ஆனா
அதுக்குத் தெரியாமல் சொன்னது.'

திங்கட்கிழமை இரண்டு கிணற்றுக்கும் குளோரின் போனது.
இரண்டு வாளி.
இரண்டிலும் பெயர், முழுதாக.