வியாழக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்து

ஆஸ்டின் டவுன் பக்கம் டர்ஃப் வாடகை
மணிக்கு ஆயிரத்து நானூறு.
பதினாலு பேர் வந்தால் தலைக்கு நூறு.
நூறு ரூபாய்க்கு
ஒருவன் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

எட்டு மாதம் ஒளிந்திருந்தேன்.
ஏழு பேர் அணியில் இடது ஓரம்.
வலைக்கு வெளியே கபாப் வண்டி, புகை முழுக்க என் பக்கம்.
பந்து வலப்பக்கம் போனால்
இடுப்பில் கை வைத்து நின்றபடி
"மேல ஏறு, மேல ஏறு" என்று கத்துவேன்.
கத்துகிறவனும் ஆடுகிறான் என்றே
எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.
ஒரு மணி நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது
பதினொரு தடவை.
எண்ணுகிற அளவுக்கு ஓய்வு.

லூர்துவும் அதே அணிதான்.
என் பழைய பல்சரை அவன் வாங்கி
நாலாம் நாள் இன்ஜின் ஜாம் ஆனதிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.
அவன் கிளமென்ட்டுக்குத் தருவான்,
கிளமென்ட் மஞ்சுவுக்கு,
மஞ்சு எனக்கு.
ஏழு பேருக்குள் ஒரு பகையை
வியர்க்காமல் வைத்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் போக
ஒரு வாரம் பத்துப் பேர். தலைக்கு நூற்று நாற்பது.
கத்துவதற்கு மூச்சு மிச்சமில்லை.
பந்தை விட்டவனே திரும்பி ஓடவேண்டியிருந்தது.
கோலில் சாய்ந்து நிற்கும் தன்ராஜ்கூட
நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டு
தான் எங்கே நிற்கிறோம் என்று திடுக்கிட்டான்.

பிறகு அந்த மழை.
சில்க் போர்டில் முழங்கால் தண்ணீர்.
வந்து சேர்ந்தது ஆறு பேர்.
தலைக்கு இருநூற்று முப்பத்து மூன்று,
மீதி இரண்டு ரூபாய்க்கு ஒரு தகராறு,
ரிஸ்வான் போட்டான்.
கோன்களை இழுத்துத் திடலைப் பாதியாக்கினோம்.
கோலி கிடையாது.
ஒற்றையா இரட்டையா பிடித்ததில்
கிளமென்ட், லூர்து, நான்.

மூன்று பேர் ஆட்டத்தில்
பந்து வைத்திருப்பவனுக்கு இரண்டே முகங்கள்.
கிளமென்ட்டை மறித்துவிட்டார்கள்.
லூர்து என்னைப் பார்த்தான்,
பார்க்காததுபோல் காலுக்கடியில் உருட்டினான்,
பறிகொடுத்தான். கோல்.
மறுபடி பார்த்தான். மறுபடி கோல்.

இருபதாவது நிமிஷம் கிளமென்ட்டுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
வலையோரம் உட்கார்ந்துவிட்டான்.
இப்போது நடுவில் யாருமில்லை.

மூன்று பேர் சூழ, கோட்டோரம் சிக்கியவன்
என் பெயரைச் சொல்ல வாய் வராமல்
கத்தினான்:
"டேய் பல்சர்!"

திரும்பினேன்.
முட்டி உயரத்துக்கு வந்த மோசமான பாஸ்.
நெஞ்சைக் குனிந்து வாங்கி, திருப்பி அவனுக்கே தந்து,
ஓடி,
மறுபடி வாங்கி,
மறுபடி தந்து.
பத்து நிமிஷத்தில் எத்தனை தடவை என்று தெரியாது.

பந்து வெளியே போய்
கபாப் வண்டிக்கடியில் உருண்ட நேரம்
இருவரும் முட்டியில் கை ஊன்றி நின்றோம்.
"அது ஆயில் குடிக்கும்னு
எனக்கு முன்னாடியே தெரியும்டா," என்றேன்.

அவன் நிமிரவில்லை.
"இப்பவா சொல்ற,
பின்னால பாரு, ஆள் வரான்."

அடுத்த வியாழன் பதினாலு பேரும் வந்துவிட்டார்கள்,
வேலை மாறிப்போன மஞ்சுவுக்குப் பதில் ஒரு புதுப்பையன்.
தலைக்கு நூறு.
லூர்து கிளமென்ட்டுக்குத் தந்தான்,
கிளமென்ட் புதுப்பையனுக்கு.
நான் இடது ஓரத்தில், புகையில்,
சில்க் போர்டு பக்கத்து வானத்தில்
மேகம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தபடி.