அளவுக்கு ஓர் ஆள்

பெப்ரவரி. ஸ்கார்பரோ.
பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் மடக்குக் கதிரைகள்.
அறுபது போட்டோம், வந்தது பத்தொன்பது பேர்.
மூடிக்கிடக்கும் பல்பொருள் அங்காடியின் இடத்தில்
எழப்போகும் கட்டடம்
மேசைமேல் வெள்ளை அட்டையில் நின்றது,
ஒரு முழம் நீளம்.

சமூக, கற்றல் மையம் என்று பெயர்.
நடுவே மூன்று மாடி உயரத்துக்கு வெட்டவெளி,
மேலே கண்ணாடிக் கூரை.
அதை வரைந்து முடித்த இரவு
காரை எங்கே விட்டேன் என்பதே மறந்துபோயிற்று,
அவ்வளவு சந்தோஷம்.

ஒட்டுத்தாள் கொடுத்தோம், மஞ்சளும் இளஞ்சிவப்பும்.
மரிவிக் எழுதினார்: தையல் மெஷின்,
அதைப் பூட்டி வைக்க ஒரு அலுமாரி.
ஸர்மினா தாரியில் எழுதியதை
மகன் மொழிபெயர்த்தான்:
நாங்கள் தெருவைப் பார்க்கலாம்,
தெரு எங்களைப் பார்க்கக்கூடாது,
அப்படி ஒரு யன்னல்.
எப்படி முடியும் என்றேன்.
படித்தது நீங்கள்தானே என்கிறா அம்மா, என்றான்.
பாடசாலை பஸ் ஓட்டும் குகநேசன் எதுவும் எழுதவில்லை.
அடிமட்டம் வாங்கி முகப்பை அளந்து
பஸ் திரும்பாது என்றார்.
திரும்பாதுதான்.

லிபான் என்றொரு பொடியன், பதினாறு இருக்கும்,
சுவரில் சாய்ந்தபடி கேட்டான்:
எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?
என் வரைபடத்தில் சுவருக்குக் கோடு உண்டு,
தண்ணீருக்கு, மின்சாரத்துக்கு, காற்றுக்குக்கூட.
மணிக்குக் கோடு இல்லை.
மாநகரசபை முடிவு செய்யும் என்றேன்.
தலையாட்டினான்,
இந்தப் பதிலைப் பலதடவை வாங்கியவன்போல.

எல்லோரும் போனபின்
பூட்டுவதற்குக் காத்திருந்த யோகராணி வந்தார்.
அவருக்கு அழைப்பு அனுப்பியிருக்கவில்லை.
வாளியைக் கீழே வைத்துவிட்டு
சட்டி மூடியைத் தூக்குவதுபோல்
அட்டைக் கூரையைத் தூக்கி உள்ளே பார்த்தார்.
"இந்தக் கண்ணாடியை ஆர் துடைக்கிறது, தங்கச்சி?"
கம்பனி வரும்.
"எத்தனை வருசத்துக்கு?"
பிறகு விரலால் வாசலைத் தொட்டார்.
வாசல் கார் விடும் பக்கம் பார்த்திருந்தது.
"பஸ் இஞ்சாலையெல்லோ நிக்கும்."
பிறகு, "வாளித் தண்ணி எங்கை ஊத்துறது?"
நான் வரைந்த கட்டடத்துக்குள்ளேயே
திறப்பைத் தொலைத்தவள்போலத் தேடினேன்.
நிலவறையில் ஒன்று இருந்தது,
பதினான்கு படி இறங்கி.

மறுநாள் இரவு பதினொன்று நாற்பதுக்கு
அந்தத் தரிப்பில் போய் நின்றேன்.
பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு.
மூன்று பேர், பிள்ளை தூங்கும் ஒரு தள்ளுவண்டி.
இருபத்தாறு நிமிடம் பஸ் இல்லை.
ஒருவரும் பேசவில்லை,
பற்கள்தான் பேசின.

ஐந்தாவது வரைபடத்தில்
கண்ணாடிக் கூரை போய்விட்டது.
இரண்டு நாள் நான் ஒருவரோடும் ஒழுங்காகக் கதைக்கவில்லை,
அதையும் சொல்லவேண்டும்.
அந்தக் காசில் தெருப்பக்கம் ஒரு முன்னறை:
நீள வாங்கு, அடியில் சூட்டுக்குழாய்,
ஈரச் சப்பாத்துக்குச் சல்லடைத் தரை.
உள்ளே பூட்டினாலும் இது பூட்டாது.
கடைசி பஸ் போகும்வரை விளக்கு எரியும்.
மாடிக்கொரு தொட்டி,
வாளியைத் தூக்காமல் சரிக்கிற உயரத்தில்.
ஸர்மினாவின் யன்னல் இன்னும் வரவில்லை.
மரச்சட்டங்கள் வைத்துப் பார்த்தேன்,
சிறைபோல் இருக்கிறது.

அளவு தெரிய, படத்தில் ஆட்களை நிறுத்தவேண்டும்.
கணினியில் தயாராக இருக்கிறார்கள்:
பெட்டியோடு ஒரு கனவான்,
நாயோடு ஒரு பெண்,
பலூன் பிடித்த பிள்ளை.
ஒருவருக்கும் குளிரங்கி இல்லை.
அவர்களை அழித்தேன்.

மாநகரசபையில் ஒருவர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
முன்னறையில் வாளியோடு நிற்கிறாரே, யார் இவர்?
அளவுக்கு வைத்தது, என்றேன்.
ஐந்தடி ஓரங்குலம்.